சந்திரிகா காப்பு: புதிய தலைவர் பதவியேற்று, இனி எல்லாம் மாறும் என்று நம்பிய அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கொக்குவில்காரி:
1994 நவம்பர். சந்திரிகா குமாரதுங்க இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்ற செய்தியைச் சைக்கிள் டைனமோவில்தான் கேட்டோம். தம்பி மிதியைச் சுற்றுவதை நிறுத்தினால் வானொலியும் நின்றுவிடும். போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பாதையும் பூட்டு; அந்தக் காலத்தை இதற்குமேல் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது காப்பைப் பற்றி.

மண்ணெண்ணெயும் அரிசியும் தவிர வேறெதற்கும் காசை எடுக்காத அம்மா, அந்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், சமாதானம் கொண்டுவருவார் என்ற நம்பிக்கையில் சந்திரிகா பெயரிலேயே விற்ற காப்பு (வளையல்) அரை டசின் வாங்கினார். கடைக்காரர், "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் அக்கா, பாதை திறந்தால் பாதி விலைக்கு வரும்" என்றார். "அதுவரைக்கும் கை வெறுமையாக இருக்குமே" என்று அம்மா சிரித்தார். கடையில் நின்று அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை.

இராணுவம் நெருங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் புறப்படும்போது, காப்புகளைக் கழற்றிச் சாமிப்படத்து ஆணியில் மாட்டினார். வந்து போடலாமாம். அடுத்த வருடம் திரும்பியபோது கதவே இல்லை, ஆணியை யார் தேடுவது?

சுன்னாகம் தம்பி:
காப்பு ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. சந்திரிகா பிரதமரானது ஆகஸ்ட் 19. எங்கள் மாமா கடை வைத்திருந்தவர், எனக்குத் தெரியும். நவம்பரில் வந்தது சேலை. அதோடு, 95 ஏப்ரலில் திருகோணமலையில் புலிகள் கடற்படைப் படகுகளைத் தகர்த்ததைச் சொல்லாமல் கதையை நேரே ஒக்டோபருக்குக் கொண்டுபோனது சரியில்லை.

மட்டக்களப்பு வாத்தியார்:
தம்பி, போர்நிறுத்தத்தை யார் முறித்தது என்ற வழக்கை இங்கே தொடங்காதீர்கள். முப்பது வருடமாக அது முடியவில்லை.

என்னுடையது 2015. கொழும்பில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா சிங்களவர். மூன்று வருடமாக வாடகை, தண்ணீர்க் கட்டணம் தவிர வேறு பேச்சில்லை. ஜனவரி 9 மாலை, சுதந்திரச் சதுக்கத்தில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற கையோடு, அந்த அம்மா பாற்சோறும் சம்பலும் கொண்டுவந்து நீட்டினார். "இப்ப சரிதானே, மாஸ்டர்?" அவர் வாயில் தமிழைக் கேட்டது அன்றுதான். நானும் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். 2018 ஒக்டோபர் 26 இரவு, அதே சிறிசேன, தான் தேர்தலில் தோற்கடித்த மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கியபோது, அதே வாசலில் வீட்டுக்கார அம்மாவின் மகன் வெடி கொளுத்தினான். அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்தப் பாற்சோற்றைப் பொய் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.

பனங்கூடல்:
நான் அநுர குமார திசாநாயக்கவுக்கு வாக்களிக்கவில்லை. 2024 செப்டம்பர் 23 அவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதையும் பார்க்கவில்லை. நவம்பர் 1இல் வசாவிளான் - பலாலி வீதியைத் திறந்தபோது போனேன். 34 வருடம் இராணுவத்தின் பிடியில் மூடியிருந்த பாதை. ஒரு முதியவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடந்தார். அவ்வளவுதான்.

கொக்குவில்காரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதவில்லாத வீட்டின் உறுதி (காணிப் பத்திரம்) கையில் இருக்கிறதா? இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். உறுதி இலக்கம் தெரியாவிட்டால், அதை எழுதிய பழைய நொத்தாரிசின் பெயரைத் தேடுங்கள். பிறகு நில அளவையாளரைப் பிடித்து எல்லைக்கல் போடுங்கள். பக்கத்துக் காணிக்காரர் நிற்கும்போதே போடுங்கள், இல்லாவிட்டால் வேலி நகரும். கிராம சேவையாளரிடமும் ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் உங்கள் சார்பில் ஒருவர் செயல்பட அற்றோர்ணித் தத்துவம் கொடுக்கலாம், ஆனால் மச்சானுக்குக் கொடுக்காதீர்கள், நான் பட்டது போதும்.

கொக்குவில்காரி:
அண்ணா, காணியைப் பற்றி நான் கேட்கவேயில்லை. அதை எப்போதோ விற்றுவிட்டோம்.

சுன்னாகம் தம்பி:
காப்பு என்ன நிறம், அக்கா?

கொக்குவில்காரி:
பச்சை. இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன், சிவப்பு என்கிறார்.