பெரிய வீடு குரூப்: காரியப் பத்திரிகை

மணி (காலை 9.14): எல்லாருக்கும். அப்பாவோட 16-ம் நாள் காரியப் பத்திரிகை இன்னைக்கு பிரஸ்ல கொடுக்கணும். பேர் பட்டியல் கீழ போட்டிருக்கேன். யார் பேராவது விட்டுப்போயிருந்தா இப்பவே சொல்லுங்க. அப்புறம் பந்தல்ல வந்து மூஞ்சி தூக்கக் கூடாது.

மணி: அப்பா பேருக்குக் கீழ "முன்னாள் ராணுவ வீரர் (இந்திய அமைதிப்படை, இலங்கை 1987–89)"னு போடலாம்னு இருக்கேன்.

பாபு துபாய்: 👍

செல்வி: என் மருமக பேர் எங்கடா?

மணி: சேத்துடறேன் அத்தை.

தினேஷ்: மச்சான், முன்னாள் ராணுவ வீரர் போதுமே. அமைதிப்படை எதுக்கு?

மணி: ஏன்?

தினேஷ்: என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க. அவங்க அந்த வார்த்தையை வேற மாதிரி படிப்பாங்க.

கவி: தாத்தா அங்க போனது உண்மைதான மாமா?

தினேஷ்: உண்மைதான். அதனாலதான் சொல்றேன்.

பாபு துபாய்: பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது: அமைதிப்படை வீரர்களின் குடும்பங்களுக்கு மத்திய அரசு சிறப்பு நிதி!! இந்தச் செய்தியை 10 பேருக்கு அனுப்பவும்!!

கவி: பொய் பெரியப்பா. தேதியும் இல்ல, உத்தரவு நம்பரும் இல்ல.

பாபு துபாய்: அனுப்பி வைக்கறதுல என்ன தப்பு

மணி: முதல்ல அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் மாத்தணும். முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்க்கு திங்கள்கிழமை போறேன். டிஸ்சார்ஜ் புக் யார்கிட்ட இருக்கு?

வாத்தியார்: அனைவருக்கும் காலை வணக்கம். தினேஷ் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது மூத்தவன் என்ற முறையில் என் கடமை. 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து உணவுப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாளே நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் மூட்டை மூட்டையாகப் போட்டன. அதற்கு 'பூமாலை' என்று பெயர். அன்று நம் தெருவில் வெடி வெடித்தார்கள். ஜூலை 29 ராஜீவ், ஜெயவர்த்தனா ஒப்பந்தம். ஆகஸ்டில் தம்பி ஆறுமுகம் கப்பல் ஏறினான். அந்த மாதம் முழுக்க டீக்கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. "உங்க தம்பி நம்ம ஜனங்களைக் காப்பாத்தப் போயிருக்கான் சார்" என்பார் கடைக்காரர். யாழ்ப்பாணத்திலும் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். தம்பியே எழுதியிருந்தான்.

மணி: பெரியப்பா, பிரஸ்காரர் 4 மணிக்குள்ள மேட்டர் கேக்கறார்.

வாத்தியார்: வருகிறேன்.

வாத்தியார்: செப்டம்பர் 26, உண்ணாவிரதம் இருந்த புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் 12 நாள். அக்டோபர் 10, யாரைக் காக்கப் போனார்களோ அந்த ஊருக்குள்ளேயே புலிகளோடு சண்டை. அதே மாதம் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. டாக்டர், நர்ஸ், படுக்கையில் கிடந்த நோயாளி என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். சாயங்காலம் ஆகாசவாணி ஒன்று சொல்லும், ராத்திரி பிபிசி தமிழோசை வேறொன்று சொல்லும். ஊர் எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டால், சரித்திரம் நடத்தியவன் நான், எனக்கே சொல்லத் தெரியாது. யாரும் வீட்டுக்கு வந்து திட்டவில்லை. "தம்பி எப்படி இருக்கான்" என்று கேட்பதை ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். அப்புறம் டீக்கடையில் பழையபடி காசு வாங்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஊருக்கு இலங்கை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. அவன் அங்கேதான் இருந்தான்.

கவி: 😔

பாபு துபாய்: சித்தப்பா காரியத்துக்கு நான் 13-ம் தேதி சென்னை வர்றேன். காட்பாடிக்கு யார் வண்டி எடுத்துட்டு வர்றது?

மணி: தினேஷ்

தினேஷ்: நானா

செல்வி: அந்தக் கடுதாசி எல்லாம் எங்கண்ணே? 56 ஏ.பி.ஓ.ன்னு ராணுவ அட்ரஸ் போட்டு வருமே.

வாத்தியார்: என் பீரோவில் இருக்கிறது. முதல் கடிதம் நாலு பக்கம். பனைமரம், கிணறு, அங்கே பேசுகிற தமிழ் கேட்க எப்படி இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தான். 88-ல் வந்தவை எல்லாம் இரண்டு வரி. "நலம். லீவு கேட்டிருக்கேன்."

செல்வி: என் கல்யாணத்துக்குத்தான் லீவு கிடைச்சுது. வந்தும் ஒரு வாய் சாப்பிடல.

மணி: அத்தை விடுங்க.

செல்வி: ஏன் விடணும்? பந்தில உக்காந்த மனுசனைப் பாத்து, "தமிழனைச் சுட்ட கையாலதான் சாப்பிடறியா"ன்னு கேட்டாங்க. இலையை மூடாம எழுந்து போச்சு எங்க சின்னண்ணன்.

குமார்: 37 வருசம் ஆச்சு. இன்னும் அந்த இலையை எடுக்கலையா நீ?

செல்வி: எடுக்க மாட்டேன்.

குமார்: நான் கேக்கல. எங்க பெரியப்பா கேட்டார்.

செல்வி: நீங்க மாலையும் கழுத்துமா பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்க.

தினேஷ்: அம்மா ப்ளீஸ்

குமார்: அன்னைக்கு ஊரே அதைத்தான பேசுச்சு. 90 மார்ச்ல கடைசிக் கப்பல் மெட்ராஸ் வந்தப்ப, கலைஞரே வரவேற்கப் போகல. தமிழனைக் கொன்னுட்டு வர்ற படையை வரவேற்க மாட்டேன்னு முதலமைச்சரே சொன்னாரு. என்னை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி?

வாத்தியார்: மாப்பிள்ளை சொல்வது சரி. ஆனால் ஒன்று விட்டுவிட்டார். 1989 ஜனவரியில் தி.மு.க. ஜெயித்ததற்கு இலங்கை மட்டும் காரணம் இல்லை. அ.தி.மு.க. சேவல், இரட்டைப்புறா என்று இரண்டாக உடைந்து நின்றது. அதே வருஷம் நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். வடக்கே ராஜீவைத் தூக்கி எறிந்தார்கள். படையை அனுப்பியது அவர்தான் என்று நாளெல்லாம் திட்டிய நம் மாநிலமோ 39-ல் 38 இடத்தை அவர் கூட்டணிக்குக் கொடுத்தது. மீதி ஒன்று, நாகப்பட்டினம், கம்யூனிஸ்ட். ராஜீவைத் திட்டினவர்களே அவருக்கு ஓட்டும் போட்டார்கள். என் தம்பிக்கோ ஓட்டும் இல்லை, ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. மாப்பிள்ளை அந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துகொள்ளலாமா?

குமார்: அதெல்லாம் ரகசியம் மச்சான்.

செல்வி: கைக்குத்தான் போட்டார்.

பாபு துபாய்: 😂😂😂

குமார்: செல்வி

தினேஷ்: அப்பா?!

கவி: தாத்தா, நம்ம பக்கம் எத்தனை பேர் இறந்தாங்க?

வாத்தியார்: 1,100 பேருக்கு மேல். அந்தப் பக்கத்து ஜனங்கள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நான் எண் சொல்ல விரும்பவில்லை.

கவி: டெல்லில 2019-ல திறந்த போர் நினைவகத்துல அவங்க பேரெல்லாம் இருக்கு. கொழும்பு பக்கத்துல பத்தரமுல்லைல அதுக்குப் பல வருசம் முன்னாடியே நினைவுச்சின்னம் கட்டிட்டாங்க.

செல்வி: அங்கயா முதல்ல?

கவி: ஆமா பாட்டி.

மணி: சரி, பத்திரிகைல போடலாமா வேணாமா?

பாபு துபாய்: போடு

தினேஷ்: வேணாம்

செல்வி: போட்டோ எது?

மணி: யூனிஃபார்ம் போட்டோ. மெடலோட இருக்குமே.

செல்வி: மெடல் யார்கிட்ட இருக்கு? மேல பட்டைல ஸ்ரீலங்கான்னு எழுதியிருக்குமே, அது.

மணி: அம்மா பெட்டில இல்ல.

செல்வி: சின்னண்ணி வீட்ல இல்லைன்னா யார் எடுத்தது?

வாத்தியார்: என்னிடம் இருக்கிறது.

செல்வி: 26 வருசமா தேடறோம்!

வாத்தியார்: 1999-ல் பள்ளிக் கண்காட்சிக்கு வாங்கினேன்.

மணி: அது மட்டுமா பெரியப்பா? சொல்லட்டுமா?

வாத்தியார்: தேவையில்லை.

மணி: கார்கில் சண்டை முடிஞ்ச கையோட பெரியப்பா ஸ்கூல்ல கொடியேத்த அப்பாவைக் கூப்பிட்டாங்க. அந்த வருசம் மிலிட்டரின்னாலே ஊருல தனி மரியாதை. மைக்குல என்னன்னு அறிமுகப்படுத்தினாங்க தெரியுமா? "1971 போரில் பங்கேற்ற மாவீரர்"ன்னு. அப்பா பட்டாளத்துல சேர்ந்ததே 76-ல. நான் அப்ப ஏழாவது. முன் வரிசைல உக்காந்திருந்தேன். மைக் புடிச்சது பெரியப்பா.

பாபு துபாய்: அப்பா நெசமாவா?

செல்வி: அய்யோ பெரியண்ணே

குமார்: நான் சிரிச்சதை மட்டும் 37 வருசமா பேசுறீங்க.

வாத்தியார்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

வாத்தியார்: அமைதிப்படை என்று சொன்னால் பெற்றோர் சிலர் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தேன். அவனிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "பங்களாதேசுக்கு எப்ப போனேன் நான்?" என்று மட்டும் கேட்டான்.

கவி: தாத்தா அப்படித்தான் கேப்பாரு

தினேஷ்: நடுவுல 91 இருக்கே பெரிய மாமா. அதைச் சொல்லலையே.

வாத்தியார்: சொல்கிறேன். மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர். விடிந்தால் ஊரில் கறுப்புக் கொடி. அதுவரை துரோகி என்றவர்கள் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டார்கள். அகதியாக வந்து வாடகைக்கு இருந்த குடும்பத்தை அந்த வாரமே காலி பண்ணச் சொன்னார்கள். அதில் ஒரு வயசானவர், ரெண்டு பொண்ணுங்க, அவ்வளவுதான். ஜூன் தேர்தலில் தி.மு.க.வுக்குச் சட்டசபையில் இரண்டே இடம். அந்த ஜூலையில் ஆறுமுகம் லீவில் வந்தான். டீக்கடைக்காரர் தோளில் கை போட்டு, "அன்னைக்கே அவங்களை ஒழிச்சிட்டு வந்திருக்கணும் தம்பி" என்றார். அன்றைக்கும் டீக்குக் காசு வாங்கவில்லை. இவன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டான். பிறகு சாகும்வரை அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

செல்வி: அதனாலதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் டீ குடிச்சுதா. நான் சர்க்கரைக்கு வாக்கிங்னு இல்ல நினைச்சேன்.

தினேஷ்: 2013 மாணவர் போராட்டத்துல எங்க காலேஜ் வாசல்ல உண்ணாவிரதப் பந்தல் போட்டிருந்தோம். ரெண்டாவது நாள் மாமா வந்தாரு. உள்ள வரல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாரு, ஒரு மணி நேரம் இருக்கும். நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்துட்டேன். மைக்குல அமைதிப்படையைப் பத்திப் பேசிட்டிருந்தோம் அப்ப.

குமார்: இதை என்கிட்ட சொல்லவே இல்லையேடா.

தினேஷ்: யார்கிட்டயும் சொல்லல.

மணி: 13-ம் தேதி காட்பாடி வண்டி உறுதிதான?

தினேஷ்: ம்

மணி (மாலை 3.20): அம்மா வாய்ஸ் மெசேஜ் 2.41

பாபு துபாய்: டியூட்டில இருக்கேன். யாராவது டைப் பண்ணுங்க.

கவி: பாட்டி சொன்னது: "அங்கருந்து வந்ததுல இருந்து இலங்கைன்னு ஒரு வார்த்தை அவரு வாயால வந்ததில்ல. 'அந்தப் பக்கம்'னுதான் சொல்லுவாரு. 2009-ல டிவில காட்டினப்ப எழுந்து மாட்டைப் பாக்கப் போயிட்டாரு. ராத்திரி ஆகியும் வரல. உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் மரியாதையா அந்தப் பேரைச் சொல்லல, இப்ப எதுக்கு? போட்டா போடுங்க, வேணாம்னா விடுங்க. ஆனா பத்திரிகையைப் படிச்சிட்டு எவனும் வந்து என்னைக் கேள்வி கேக்கக் கூடாது." அப்புறம் சாமியானாகாரனுக்கு முன்பணம் கொடுத்தாச்சான்னு கேக்கறாங்க.

மணி: கொடுத்தாச்சு.

செல்வி: அண்ணி வேணாம்னுதான் சொல்றாங்க.

பாபு துபாய்: போட்டா போடுங்கன்னும் சொன்னாங்களே

வாத்தியார்: "ராணுவப் பணி 1976–1998" என்று பொதுவாகப் போட்டுவிடலாமே. யாருக்கும் சங்கடமில்லை.

மணி: மறுபடியும் 71 ஆரம்பிக்கிறீங்களா பெரியப்பா?

வாத்தியார்: சரி. நான் பேசவில்லை.

வாத்தியார் (மாலை 3.52): ஒன்று மட்டும்.

மணி: பெரியப்பா

மணி (மாலை 6.35): ப்ரூஃப் வந்திருக்கு. எல்லாரும் பாருங்க. 📷

செல்வி: என் மருமக பேர் இன்னும் இல்ல!!

கவி: "இந்திய அமைதிபடை"ன்னு வந்திருக்கு அப்பா. அதை எடுத்துட்டுதான அனுப்பினீங்க?

மணி: நான் காலைல அனுப்பின பழைய மேட்டரை வச்சு அடிச்சிட்டார். எடுக்கச் சொல்லவா?

தினேஷ்: நான் ஒண்ணும் சொல்லல

வாத்தியார்: அமைதிப்படை. ஒற்று மிகும்.

குமார்: ப் போடச் சொல்லு மாப்ள.

மணி: அப்ப இருக்கட்டுமா மாமா?

குமார்: எழுத்துப் பிழையோட போகக் கூடாது. அதைத்தான் சொன்னேன்.

மணி: அம்மாவைக் கேக்கணுமே.

செல்வி: அண்ணி இப்பத்தான் கண் அசந்தாங்க. எழுப்பாத. காலைல கேப்போம்.

மணி: பிரஸ் 8 மணிக்கு மூடிடுவார் அத்தை.