ஹார்டு டிஸ்க் எந்நேரமும் 100%, தேடல் இண்டெக்ஸ் வேலை முடியவே மாட்டேன் என்கிறது

ஐராவதிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம், யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் கமிட்டியின் லேப்டாப் என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். கோயிலின் பழைய வரவு செலவு நோட்டுகளையும் உபயக்காரர் பட்டியல்களையும் சில மாதங்களாக ஸ்கேன் செய்து அதில் சேர்த்து வருகிறேன், 11,000 பக்கம் தாண்டிவிட்டது.

இப்போது ஆன் செய்தால் முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நகராது. வேர்டு திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் டிஸ்க் 100%, மேலே நிற்பது விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர். அதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் தானாகவே திரும்ப வந்துவிடுகிறது. கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, பேட்டரியோ பத்து நிமிடம்கூடத் தாங்காது, அதனால் பாதி வேலையிலேயே மெஷின் அணைந்துபோகிறது.

கடையில் காட்டினேன், ஃபார்மட் செய்துவிடலாம் என்றார்கள். ஸ்கேன் எல்லாம் உள்ளே இருப்பதால் மனம் வரவில்லை, கொண்டுவந்துவிட்டேன். தேடலை ஒரேயடியாக நிறுத்தவும் தயக்கம், ஏனென்றால் 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு ஊருக்குக் கப்பலேறிப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் "எங்கள் தாத்தா பெயர் உங்கள் கோயில் கணக்கில் இருக்கிறதா" என்று கேட்டு எழுதுகிறார்கள். பெயரைத் தேட முடியவில்லை என்றால் நான் செய்த வேலையே வீண். என்ன செய்யலாம்?

பெகுக்காரர்:
அக்கா, ஃபார்மட் வேண்டவே வேண்டாம். வேறு எதையும் தொடும் முன் அந்த ஸ்கேன்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள், இதை இன்றைக்கே செய்யுங்கள்.

அப்புறம் உள்ளே நடப்பது இதுதான். இண்டெக்ஸர் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் பெயர் அகராதி மாதிரி ஒன்றைத் தயார் செய்கிறது. ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, பெயர், தேதி, உள்ளே எழுத்து இருந்தால் அதையும் எடுத்துத் தன் கணக்கில் ஏற்றும். அந்தக் கணக்கு சி டிரைவில் விண்டோஸ்.இடிபி என்ற ஒரே ஃபைலாக இருக்கும், சில மெஷின்களில் அது பல ஜிபி வரை வீங்கிவிடும். கரண்ட் பட்டென்று போனால் அந்த ஃபைல் ஒழுங்காக மூடப்படாது, அடுத்த முறை ஆன் செய்ததும் முதலில் அதைச் சரிபார்த்து மீட்டெடுத்த பிறகுதான் விட்ட வேலையைத் தொடரும். உங்கள் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே போகலாம் என்று நினைக்கிறேன். போதாததற்கு, இண்டெக்ஸர் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் ஆன்ட்டிவைரஸும் கூடவே திறந்து பார்க்கும். சுழலும் டிஸ்க்கின் ஊசி அங்கும் இங்கும் ஓடியே ஓய்ந்துபோகும்.

ஸ்கேன்களை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள்?

மோல்மீன் மைந்தன்:
நான் நேர்வழியாகச் சொல்கிறேன். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று அடித்துத் திறந்து, பட்டியலில் விண்டோஸ் சர்ச்சைக் கண்டுபிடித்து, ஸ்டாப் கொடுத்து, ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்டு என்று மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் எத்தனை முறை நிறுத்தினாலும் திரும்ப வருவதற்குக் காரணம் அது சர்வீஸாக ஓடுவதுதான். என் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. ஃபைல் தேடினால் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்க்கும், நேரம் பிடிக்கும், ஆனால் மற்ற வேலை நிம்மதியாக நடக்கிறது.

ஐராவதிக்கரை:
நன்றி அண்ணே. எல்லாம் டாக்குமெண்ட்ஸ் உள்ளேதான் இருக்கிறது. சர்வீஸை நிறுத்துவது கடைசி வழியாக இருக்கட்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். சில உபயக்காரர் பட்டியல்களை வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். பெயர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் ஒன்றும் வருவதில்லை. இதுவும் இண்டெக்ஸ் கெட்டுப்போனதால்தானா?

தட்டோன் வாத்தியார்:
அம்மா, இது இண்டெக்ஸ் கோளாறு இல்லை, இது வேறு சங்கதி. பாமினியில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ், கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. நீங்கள் யூனிகோடில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையில், "முத்தையா" என்று தேடினால் அதற்கு அங்கே முத்தையா யாரும் இல்லை. நம் ஊரில் பர்மிய எழுத்துக்கு இதே தொல்லை இருந்ததே, 2019 அக்டோபர் 1 முதல் நாடே ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாறியது நினைவிருக்கும். மாறும் முன் ஜாவ்ஜியில் அடித்த கடிதங்களை இன்றும் யூனிகோடில் தேடினால் சரியாகக் கிடைக்காது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, பட்டியல்களை அதில் ஒருமுறை போட்டு எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கங்கள் எல்லாம் படம். பிடிஎஃப் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது காகிதத்தின் போட்டோ. அதுவும் கையெழுத்து. இண்டெக்ஸர் 11,000 பக்கத்தையும் திறந்து பார்த்தாலும் அதிலிருந்து ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது. இத்தனை நாளும் உங்கள் டிஸ்க்கைத் தேய்த்து அது தேடியது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாத ஒன்று. அதனால் சர்வீஸை நிறுத்த வேண்டியதில்லை, எந்த ஃபோல்டருக்குள் போகக் கூடாது என்று அதற்குச் சொன்னால் போதும்.

கண்ட்ரோல் பேனலில் இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ் இருக்கிறது. அதில் மாடிஃபை அழுத்தி, ஸ்கேன் ஃபோல்டரின் டிக்கை மட்டும் எடுங்கள். பிறகு அட்வான்ஸ்டு போய் ரீபில்ட் கொடுங்கள், பழைய கணக்கை அழித்துப் புதிதாக எழுதும். இந்த வரிசை முக்கியம். டிக்கை எடுக்காமல் ரீபில்ட் கொடுத்தால் மறுபடியும் 11,000 பக்கத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கும். கரண்ட் நேரம் ஆரம்பிக்கும்போதே ரீபில்ட்டைத் தொடங்கிவிட்டு மெஷினைத் தொடாமல் விடுங்கள், ஆள் வேலை செய்யும்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெயர் தேடுவதற்கு வழி, ஒரு எக்செல் ஷீட். பெயர், ஊர், வருடம், எந்த நோட்டு, எத்தனையாம் பக்கம். யூனிகோடில் அடியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் 1950களின் கையெழுத்தையும், "சா.", "க.மு." என்ற தலைப்பெழுத்துகளையும், புள்ளி வைக்காமல் எழுதிய மெய்யெழுத்தையும் படிக்க உங்கள் கண்ணை விட்டால் இப்போதைக்கு வேறு நல்ல கருவி இல்லை. ஸ்கேன் ஃபைல்களின் பெயரிலும் வருடத்தையும் திருவிழாவையும் சேர்த்துவிடுங்கள். ஃபைல் பெயரை மட்டும் தேடுவதற்கு எவ்ரிதிங் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் உண்டு, நாம் தனியாகச் சொல்லாதவரை அது ஃபைலுக்கு உள்ளே போகாது, டிஸ்க்கின் பெயர்ப்பட்டியலை மட்டும் படிக்கும், பழைய மெஷினுக்கு மிகவும் ஏற்றது.

மோல்மீன் மைந்தன்:
வாத்தியார் சொல்வது சரி, அக்காவின் தேவைக்கு அதுதான் நல்லது. லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இந்த வேலையைச் செய்வது பலூ. சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் சர்ச் பகுதிக்குப் போய், உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்யும் டிக்கை எடுத்துவிட்டால் பெயர்களோடு நின்றுவிடும். என் வீட்டு மெஷின் அதிலேயே சரியானது.

பெகுக்காரர்:
இன்னொரு விஷயம் அக்கா. இத்தனை முறை கரண்ட் போய் அணைந்த டிஸ்க், அதன் உடல்நிலையையும் ஒருமுறை பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் நிறம் வைத்துக் காட்டிவிடும். நீலம் என்றால் பயமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையுங்கள்.

ஐராவதிக்கரை:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். டிக்கை எடுத்து, விடியற்காலை கரண்ட் வந்ததும் ரீபில்ட் கொடுத்தேன், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இப்போது ஆன் செய்து நாலைந்து நிமிடத்தில் வேலை செய்ய முடிகிறது. பாமினி பட்டியல்களை மாற்றிவிட்டேன், "முத்தையா" என்று தேடினேன், மூன்று பேர் வந்தார்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் பெகு அண்ணே சொன்ன சோதனையில் மஞ்சள் காட்டுகிறது. காப்பி ஏற்கெனவே எடுத்துவிட்டேன், இரண்டாவது காப்பியும் எடுத்துக் கமிட்டித் தலைவர் வீட்டில் வைத்திருக்கிறேன். டிஸ்க்கை மாற்றி, சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க் போடப் பணம் கேட்டிருக்கிறேன். எக்செல்லில் இதுவரை 340 பெயர் அடித்திருக்கிறேன். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாருக்காவது மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் சொல்லுங்கள், பக்கங்களைப் பத்துப் பத்தாக அனுப்புகிறேன்.

தட்டோன் வாத்தியார்:
எனக்கு அனுப்புங்கள் அம்மா. தட்டோன் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வரும் நோட்டு இருந்தால் அதையே முதலில் அனுப்புங்கள்.