முதல் கியர் வண்டி: சேரன்மகாதேவி – நெல்லை ஜங்ஷன் தினசரி ஓட்டத்துக்கு எது சரி?

பத்தமடைப் பாய் கேட்டது:

அண்ணாச்சிமாரே, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கைக்கு வந்தாச்சு. ஸ்கூட்டர் ஓட்டுவேன், கியர் வண்டி தொட்டதில்லை. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 56 கிலோ. தினமும் சேரன்மகாதேவியில இருந்து பேட்டை வழியா ஜங்ஷன் பக்கம் வேலைக்குப் போகணும். எப்பவாவது நாகர்கோவில் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

சித்தப்பா அவரோட பழைய கிளாசிக் 350-ஐ அடிமாட்டு விலைக்குத் தாரேங்கார். கூட்டாளி ஒருத்தன் பல்சர் என்எஸ்200-ஐ விக்கான். அப்பா ஸ்பிளெண்டர்தான்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. லோன் போட விருப்பமில்லை, அதனால பழசுதான். எதை எடுக்க? எல் போர்டு மாட்டிக்கிட்டுத் தினமும் வேலைக்கு ஓட்டலாமா?

ஸ்பேனர் செட்டு:

தம்பி, உங்க அப்பா சொல்றதுல பாதி சரி. எடைக் கணக்கை முதல்ல பாருங்க. ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஷைன் 125 கிட்டத்தட்ட அதேதான், ரைடர் 125-ன்னா 123. பல்சர் 150 போனா 148. கிளாசிக் 195. வண்டி ஓடும்போது எடை தெரியாது. டவுன் ரதவீதி நெரிசல்ல நடை வேகத்துல ஹேண்டிலைத் திருப்பும்போதும், சரிவுல நிறுத்தி மறுபடி எடுக்கும்போதும்தான் தெரியும். புதுசா ஓட்டுறவங்க விழுறது பெரும்பாலும் 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழதான். 195 கிலோ ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சா 56 கிலோ ஆளால தாங்கிப் பிடிக்க முடியாது.

சீட் உயரத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ஸ்பிளெண்டர் 785 மில்லிமீட்டர், ஹண்டர் 350 வெறும் 790தான். ஆனா ஹண்டர் 181 கிலோ. சீட் அகலமா இருந்தா தொடை விரிஞ்சு கால் எட்டாது. ஷூ போட்டு உக்காந்து பாருங்க. ரெண்டு காலும் முன்பாதம் முழுசாப் பதிஞ்சா போதும், குதிகால் கொஞ்சம் தூக்கி இருக்கலாம். அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணி, இறங்கி நின்னு தள்ளிக்கிட்டே ஒரு யூ டர்ன் எடுங்க, சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்க. இதுல மூச்சு வாங்குச்சுன்னா அந்த வண்டி வேண்டாம்.

என்எஸ்200-க்கு 24.5 குதிரைத்திறன், ஸ்பிளெண்டருக்கு 8. கிளட்சைச் சட்டுனு விட்டா ஸ்பிளெண்டர் பொசுக்குனு ஆஃப் ஆகும். என்எஸ் அப்படியில்ல, ஆக்சிலேட்டர் முறுக்கின கையோட விட்டீங்கன்னா குதிச்சுப் போய் முன்னால நிக்கிற ஆட்டோவுலதான் நிக்கும். அதை ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

எட்டுப் போடு:

முதல்ல எல்எல்ஆர்ல என்ன வகுப்பு போட்டிருக்குன்னு பாருங்க. கியர் உள்ள மோட்டார் சைக்கிள்னு இருக்கணும். கியர் இல்லாததுக்கு மட்டும் வாங்கியிருந்தா அதை வச்சுக் கியர் வண்டி ஓட்டக் கூடாது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கிளெய்மும் மாட்டிக்கும். எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில சிவப்பு எல். பின் சீட்டுல சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. வேலைக்குப் போறப்ப கூட்டாளியை ஏத்திக்கிட்டுப் போற நினைப்பு இருந்தா இப்பவே விட்டுருங்க.

வண்டி எடுக்க முன்னால கியர் போடுற முறையையும் கேட்டுக்கோங்க. ஸ்பிளெண்டர்ல நாலு கியரும் முன்பக்கம் மிதிச்சுதான் ஏறும், குதிகாலால இறக்கணும். பல்சர் 150-ல ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல. ஒண்ணுல பழகி இன்னொண்ணை இரவல் வாங்கி ஓட்டுறவங்க, மூணாவதுக்குப் போறேன்னு ஒண்ணாவதுக்கு மிதிச்சிருவாங்க. பின்சக்கரம் பூட்டினாப்ல இழுக்கும். டெஸ்டுக்கும் தினசரிக்கும் ஒரே வண்டியை வச்சுக்கோங்க.

பழகுறதுக்கு விக்காமக் கிடக்கிற வீட்டுமனைப் பிளாட்டு ரோடுதான் நல்ல இடம். முதல் ஒரு மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. சமதளத்துல முதல் கியர் போட்டுக் கிளட்சை மெதுவா விட்டா 100, 125 சிசி வண்டி ஐடிலிங்லயே நகரும். நகர ஆரம்பிக்கிற இடத்துலயே லிவரை ஒரு விநாடி பிடிச்சு நிறுத்தி, அப்புறம் மீதியை விடுங்க. ஆஃப் ஆகுறதெல்லாம் அந்தக் கடைசிப் பகுதியைப் படக்குனு விடுறதாலதான். அது கைவந்த பிறகு 30-ல இருந்து நேரா நிறுத்திப் பழகுங்க: முன் பிரேக்கை வெடுக்குனு பிடிக்காம அழுத்தம் கூட்டிக்கிட்டே போகணும், பின் பிரேக் துணைக்கு. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக் பிடிச்சீங்கன்னா கீழதான். இதெல்லாம் கைக்கு வராம பேட்டை ரோட்டுல ஏறாதீங்க.

காத்தாடி வள்ளியூர்:

நான் 100 சிசிக்கு ஓட்டுப் போட மாட்டேன். சேரன்மகாதேவி ரோட்டுக்கு அது தாராளம், ஆனா நாகர்கோவில் போறவருக்கு நாலுவழிச்சாலை இருக்குல்லா. நாங்குநேரி தாண்டி 60-ல போற லாரியை முந்த 100 சிசியில இழுவை பத்தாது. முந்தவும் முடியாம பின்வாங்கவும் முடியாம லாரி பக்கத்துலயே ஓடிக்கிட்டு இருப்பீங்க, அதுதான் ஆபத்தான இடம். 125-ல கொஞ்சம் மிச்சம் இருக்கும், எடையும் பெருசாக் கூடாது.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து பணகுடி, காவல்கிணறு பக்கம் குறுக்க அடிக்கும். காத்தாலை சும்மாவா அங்க நட்டிருக்கான்? இலேசான வண்டியை அது ஒரு அடி நகர்த்தும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா உங்க உடம்பு ஆடுறதெல்லாம் ஹேண்டிலுக்குப் போகும். டேங்கை முழங்காலால கவ்வி, கையைத் தளர விட்டு, 50-க்கு இறங்குங்க. பெரிய பஸ்ஸை முந்தும்போது அதோட மறைவுல காத்து நின்னுரும். பஸ் மூக்கைத் தாண்டின நொடியில மொத்தமா அடிக்கும். அந்த இடத்துக்குத் தயாரா இருங்க. முதல் மூணு மாசம் அந்தப் பக்கம் பஸ்லயே போங்க.

உங்க ரோட்டுல காத்தைவிட வைக்கோல்தான் தொந்தரவு. கார், பிசானம்னு ரெண்டு போக நெல் அறுப்பு நேரத்துல நெல்லும் வைக்கோலும் ரோட்டுல காயும். அது மேல பிரேக்கும் பிடிக்காதீங்க, சாய்க்கவும் செய்யாதீங்க. முன்கூட்டியே வேகத்தைக் குறைச்சு நேரா ஏறிப் போயிருங்க.

ஸ்பேனர் செட்டு:

125-ங்கறதை ஒத்துக்கறேன். பழைய வண்டி எடுக்கிறதால சிலதைச் சொல்லிருதேன்.

2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்தங்கரை ஊர்கள்ல எத்தனையோ வண்டி முங்குச்சு. கழுவி பாலிஷ் போட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. சீட்டைக் கழட்டி வயரிங் கப்ளரைப் பிரிச்சுப் பாருங்க, முள்ளுல பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா தண்ணி போயிருக்கு. ஏர் ஃபில்டர் பெட்டியோட மூலையில வண்டல் கோடு நிக்கும். மீட்டர் கண்ணாடிக்குள்ள மூட்டம் இருக்கும். ஆயில் மூடியைத் திறந்தா டீ நிறத்துல குழம்பின மாதிரி இருந்துச்சுன்னா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள்ல பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன்தான். சென்சார், கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தண்ணி போனா கோளாறு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. கண்டுபிடிக்கிறதுக்குள்ள வண்டி விலை அளவுக்குச் செலவாயிரும்.

பாக்கப் போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறின பிறகு திரும்ப வாரேன்னு சொல்லுங்க. சூடான பிறகும் நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாத் திருப்புங்க. நடுவுல ஒரு இடத்துல விழுந்து நிக்கிற மாதிரி இருந்தா கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) போச்சு. முன்சக்கரத்து ஷாக் குழாயான ஃபோர்க்கைத் துணியால துடைச்சு, நாலு தடவை அமுக்கிட்டுப் பாத்தா சீல் கசிவு வளையமாத் தெரியும். மீட்டர் 15,000 காட்டுது, ஆனா கியர் லிவர் ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சிருக்குன்னா மீட்டரை நம்பாதீங்க. செயின் கவர் இல்லாத வண்டின்னா பின் ஸ்பிராக்கெட்ல (பல் சக்கரத்துல) செயினை வெளிப்பக்கம் இழுங்க, பாதிப் பல் தெரிஞ்சா செட்டா மாத்தணும். செயின் மட்டும் மாத்தினா பழைய பல்லு புதுச் செயினைத் தின்னுரும்.

விலை பேசும்போது ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-ல 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது. பழைய ஷோரூம் விலையை வச்சுக் கணக்குச் சொல்றவங்க கிட்ட இன்னைக்குப் புது வண்டி விலையைச் சொல்லிப் பேசுங்க.

பத்தமடைப் பாய்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. கிளாசிக்கைத் தள்ளிப் பாத்தேன், பாதி யூ டர்ன்லயே விட்டுட்டேன். வீரவநல்லூர்ல ஒரு ஷைன் 125 இருக்கு, 2021 மாடல், ஒரே ஓனர். ஆனா ஆர்சில ஃபைனான்ஸ் கம்பெனி பேர் நிக்கிது. கடன் முடிஞ்சிருச்சுங்காரு. நம்பி எடுக்கலாமா?

எட்டுப் போடு:

வாய்ச் சொல்லுக்குப் பணம் கொடுக்காதீங்க. கடன் முடிஞ்சதுக்கு ஃபைனான்ஸ் கம்பெனி தடையில்லாச் சான்று தரும், கூடவே அவங்க கையெழுத்தோட படிவம் 35. அது வந்தாத்தான் ஆர்சில அந்தப் பேரை எடுக்க முடியும். ஓனரே அதை முடிச்சுத் தரட்டும், அதுவரை சின்ன அட்வான்ஸ் போதும். அப்புறம் பேர் மாத்துறதுக்கான படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, ஆர்சில இருக்கிற சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில பொறிச்சிருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. அந்தத் தேதியை ரொம்பப் பேர் கோட்டை விடுதாங்க.