கிளவுட் கன்ட்ரோலரா, சொந்த கன்ட்ரோலரா? ஐந்தாண்டு வைஃபை ஒப்பந்தம்

புதுநிர்வாகி

எங்கள் நிறுவனத்தில் நான்கு மாடி அலுவலகம் ஒன்று, அதை ஒட்டி உயரமான இரும்பு அடுக்குகள் நிறைந்த கிடங்கு ஒன்று. பணியாளர்கள் ஏறக்குறைய 600 பேர். இப்போதிருக்கும் வைஃபை அவ்வப்போது வாங்கிச் சேர்த்த கருவிகளால் ஆனது. யார் எதை எங்கே மாட்டினார்கள் என்பதற்கு வரைபடம்கூட இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் புதிதாக அமைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மேலிடத்துக்குக் கிளவுட் வழியாக நிர்வகிக்கும் வகை பிடித்திருக்கிறது. குழுவின் மூத்தவரோ, வைஃபை கருவிகளையெல்லாம் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் நம் சர்வர் அறையில்தான் இருக்க வேண்டும் என்கிறார். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது நாங்கள் இருவர் மட்டுமே.

வரைவு டெண்டரில் இப்போது இருப்பவை: ஊழியர், அதிகாரி, விருந்தினர், கேமரா, கிடங்கு ஸ்கேனர் என ஐந்து வைஃபை பெயர்கள், எல்லா அறையிலும் முழு சிக்னல், வைஃபை 7, அந்நிய ஹாட்ஸ்பாட்டுகளைத் தானாக முடக்கும் வசதி. எந்தப் பக்கம் போகலாம்?

மேகப்பிரியன்

"இருவர் மட்டுமே" என்று எழுதினீர்களே, அதிலேயே விடை வந்துவிட்டது. கன்ட்ரோலரை வாங்கி வைத்தால் அதற்கு மாற்றாக இன்னொன்று, இரண்டுக்கும் மென்பொருள் மேம்படுத்தல், காப்புப் பிரதி என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். கிளவுடில் அதெல்லாம் விற்பவரின் பொறுப்பு. ஒருவர் "நேற்று மதியம் எனக்கு வைஃபை வரவில்லை" என்று புகார் சொன்னால், அவருடைய மடிக்கணினி எந்த ஆக்சஸ் பாயின்ட்டில் (கூரையில் மாட்டும் வைஃபை கருவியில்) இருந்தது, எந்தப் படியில் இணைப்பு முறிந்தது என்பதைத் திரையில் பின்னோக்கிப் பார்க்கலாம். இன்னொரு தவறான அச்சத்தையும் போக்கிவிடுகிறேன்: பெரும்பாலான கிளவுட் அமைப்புகளில் பயனரின் தரவு கிளவுடுக்குப் போவதில்லை. போவது நிர்வாகத் தகவல் மட்டுமே.

சுவிட்ச்காரர்

விற்பவரின் பொறுப்பு என்றீர்கள். எந்த விற்பவர்? வைஃபை கருவி விற்கும் ரக்கஸ் நிறுவனத்தை 2016இல் பிரோகேட் வாங்கியது, 2017இல் ஆரிஸிடம் போனது, 2019இல் காம்ஸ்கோப்பிடம் போனது. கிளவுட் வைஃபை நிறுவனமான மிஸ்டை 2019இல் ஜூனிபர் வாங்கியது. அந்த ஜூனிபரையே 2025இல் எச்.பி.இ. வாங்கிவிட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவரும் அதன் கடைசி ஆண்டில் உங்கள் அழைப்பை எடுக்கிறவரும் ஒரே நிறுவனமாக இருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி?

அடுத்தது லைசன்ஸ். சிஸ்கோவின் கிளவுட் வைஃபை பிரிவான மெராக்கியின் பழைய லைசன்ஸ் முறையில், காலாவதியாகி 30 நாள் அவகாசமும் முடிந்தால் கருவிகள் தரவைக் கடத்துவதையே நிறுத்திவிடும். முழு விலை கொடுத்து வாங்கிய பெட்டி, கூரையில் வெறும் அலங்காரமாகத் தொங்கும். 2017 ஆகஸ்ட்டில் அதே நிறுவனத்தின் கிளவுடில் ஓர் அமைப்புப் பிழையால் வாடிக்கையாளர்கள் ஏற்றி வைத்திருந்த மாடி வரைபடங்கள் போன்றவை அழிந்துபோயின. பிறர் கணினியில் வைத்த பொருள் பிறர் கையில்தான் இருக்கும்.

மேகப்பிரியன்

அந்த 2017 நிகழ்வில் அழிந்தது வரைபடமும் முத்திரைப் படங்களும்தான். பெரும்பாலான வாடிக்கையாளர்களின் நெட்வொர்க் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாதியைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். சொந்த கன்ட்ரோலருக்கு லைசன்ஸே இல்லை என்பதுபோல் எழுதுகிறீர்கள். ஆக்சஸ் பாயின்ட் ஒன்றுக்கு ஒன்று என்று அதற்கும் உண்டு. அதற்கும் ஆயுள் முடிவுத் தேதி உண்டு. எல்லா ஆக்சஸ் பாயின்ட்டுகளிலிருந்தும் சுரங்கம் போட்டுத் தரவை ஒரே கன்ட்ரோலருக்கு இழுத்து வந்தால், அது படுத்தால் 600 பேரும் படுத்துவிடுவார்கள்.

அலைமானி

இருவரும் சற்று நிறுத்துங்கள். கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது ஐந்தாவது கேள்வி. முதல் நான்கையும் யாரும் கேட்கவில்லை.

புதுநிர்வாகி எழுதிய ஐந்து வைஃபை பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் ஆக்சஸ் பாயின்ட்டும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று பீக்கன் அனுப்புகிறது. விநாடிக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பீக்கனின் அளவு 300 பைட் என்றால் 2,400 பிட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழைய இயல்பு வேகமான 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால், முன்குறியோடு சேர்த்து ஏறக்குறைய 2.6 மில்லிவிநாடி. அதாவது ஒரு பெயர் காற்றில் இரண்டரை சதவீத நேரத்தைப் பிடிக்கிறது. ஐந்து பெயருக்குப் பன்னிரண்டரை. அதே சேனலில் மூன்று ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால் 38 சதவீதம் வரை போகும். ஒருவர்கூட ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்பே காற்றின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி! 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், நான்கு மாடிக் கட்டடத்தில் இந்த நிலை சர்வசாதாரணம்.

குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்கினால் அதே பீக்கன் கால் மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். பெயர்களை மூன்றாகக் குறையுங்கள். எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சுவிட்ச்காரர்

கணக்கு சரி. ஆனால் கிடங்கு ஸ்கேனர் என்று அவர் எழுதியிருக்கிறாரே. பழைய ஸ்கேனர்களில் 802.11பி என்ற பழைய வைஃபை முறை மட்டுமே தெரிந்தவை இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு 1, 2, 5.5, 11 தவிர வேறு வேகம் கிடையாது. நீங்கள் 12 என்று வைத்த அன்று காலையிலேயே கிடங்கு நின்றுவிடும்.

அலைமானி

அதனால்தான் முதல் கேள்வி "என்னென்ன கருவிகள் இணையப் போகின்றன?" என்பது. ஒவ்வொரு மாதிரியையும், அதற்குத் தெரிந்த அலைவரிசை, பாதுகாப்பு முறை ஆகியவற்றோடு பட்டியலிடாமல் டெண்டர் எழுதுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. 802.11பி ஸ்கேனர் உண்மையிலேயே இருந்தால், அதை மாற்றுகிற செலவை இந்தத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். அதைக் காப்பாற்றுவதற்காகக் கட்டடம் முழுவதையும் மெதுவாக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேகப்பிரியன்

எங்களுக்கு வந்த பல புகார்கள் கூடுதல் ஆக்சஸ் பாயின்ட்டுகள் மாட்டியதும் தீர்ந்திருக்கின்றன. சிக்னல் போதாவிட்டால் பவரைக் கூட்டலாம். தானியங்கி சேனல் தேர்வு இருக்கிறது. எல்லாவற்றையும் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்?

அலைமானி

பவரைக் கூட்டினால் ஆக்சஸ் பாயின்ட் பேசுவது தொலைபேசிக்குக் கேட்கும். தொலைபேசி பேசுவது ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேட்காது. ஒலிபெருக்கியில் கத்துகிறவருக்கு, தொலைவிலிருந்து வாய்மொழியாகச் சொல்லும் பதில் எட்டாதது போலத்தான். திரையில் முழு சிக்னல் காட்டும். அழைப்பு அறுந்து அறுந்து வரும். "எல்லா அறையிலும் முழு சிக்னல்" என்ற வரியை அடித்துவிட்டு, "5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் வலிமை மைனஸ் 67 டிபிஎம், இரைச்சலுக்கு மேல் 25 டெசிபல், அந்த இடத்தில் பயன்படுத்தப்போகும் கருவியைக் கொண்டே அளக்க வேண்டும்" என்று எழுதுங்கள். அளக்க முடியாத நிபந்தனையை எந்த ஒப்பந்ததாரரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்.

சேனல் அகலத்திலும் இதே ஆசைதான் வினையாகிறது. அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் ஏறுகிறது, பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் சேனல்களும் பாதியாகின்றன. நெருக்கமான அலுவலகத்தில் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 என்பது வேகச் சோதனையைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்ப மட்டுமே உதவும்.

இரவுப்பணி

கிடங்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், அங்கேதான் என் பிழைப்பு. அடுக்குகள் காலியாக இருந்த நாளில் சிக்னல் சர்வே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார் ஓர் ஒப்பந்ததாரர். சரக்கு வந்து நிரம்பியதும், தண்ணீர்ப் பாட்டில்கள் அடுக்கியிருந்த வரிசைக்குப் பின்னால் ஸ்கேனர் ஊமையாகிவிட்டது. தண்ணீர் அலையை விழுங்கும், இரும்பு அதைத் திருப்பியடிக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் சரக்கு நிறைந்த நாளில்தான் சர்வே எடுக்க வேண்டும் என்று எங்கள் டெண்டரில் யாரும் எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு வரிசையின் நெடுக்கும் பார்க்கும்படி திசை ஆன்டெனா போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: எப்போது அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தாவுவது என்பதை முடிவு செய்வது ஸ்கேனர்தான், நெட்வொர்க் அல்ல. நெட்வொர்க் யோசனை சொல்லலாம், அவ்வளவே. வண்டியில் விரைந்து போகும்போது பழைய ஆக்சஸ் பாயின்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு திண்டாடும் மாதிரிகள் உண்டு. வாங்குவதற்கு முன் இரண்டு கருவிகளைக் கையில் வாங்கி, வரிசைக்கு வரிசை ஓட்டிப் பாருங்கள்.

தணிக்கையாளர்

பாதுகாப்பை எல்லாரும் கடந்து போய்விட்டீர்கள். 600 பேருக்கு ஒரே கடவுச்சொல் என்றால் அது ரகசியமே இல்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது 600 பேரும் மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்த்து உள்ளே விடும் 802.1எக்ஸ் கட்டாயம். அதிலும் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பீப் முறை வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் எம்எஸ்சாப் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையின் இரண்டாம் பதிப்பு 2012இலேயே வெளிப்படையாக உடைக்கப்பட்டுவிட்டது. கருவிக்குக் கருவி சான்றிதழ் வழங்கும் ஈஏபி-டிஎல்எஸ்தான் வழி. இது செய்துவிட்டால் ஊழியர், அதிகாரி என்று தனித்தனிப் பெயரும் தேவையில்லை. ஒரே பெயரில் நுழைபவரை, அடையாளம் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் அவரவர் விலானில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கில்) சேர்த்துவிடும்.

மேகப்பிரியன்

சொல்வது எளிது. 600 மடிக்கணினிகளுக்கும் அதற்கு மேல் தொலைபேசிகளுக்கும் சான்றிதழ் யார் போடுவது? இருவரா? ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் ஒரு காலை காலாவதியானால் கட்டடமே வெளியே நிற்கும். கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பட்டியலிட்டு அனுமதித்தால் போதாதா?

தணிக்கையாளர்

போதாது. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் தொலைபேசிகள் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. தவிர, எவரும் எந்த முகவரியையும் போட்டுக்கொள்ள முடியும். சான்றிதழ் வழங்குவதைக் கருவி நிர்வாக மென்பொருள் செய்யும். அது இல்லாத நிறுவனம் முதலில் அதை வாங்கட்டும். 802.1எக்ஸ் பெரிய அளவில் ஓடாது என்பவர்களுக்கு எஜுரோம் என்ற கல்லூரி வைஃபை கூட்டமைப்பு இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மாணவர் தம் கல்லூரிக் கணக்கிலேயே பிற கல்லூரியின் வைஃபையில் இணைகிறார். எஞ்சுவது சான்றிதழ் போட முடியாத ஸ்கேனரும் கேமராவும்; அவற்றுக்குக் கருவிக்கு ஒன்றாகத் தனிக் கடவுச்சொல் கொடுத்து, தனி விலானில் அடைத்துவிடலாம்.

ஹாட்ஸ்பாட்டுகளை முடக்கும் வரியை இன்றே நீக்குங்கள். மேரியட் தன் விடுதி ஒன்றில் விருந்தினரின் ஹாட்ஸ்பாட்டுகளை அப்படித் துண்டித்ததற்காக 2014இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் 6 லட்சம் டாலர் கட்டியது. கண்டறிவது வேறு, துண்டிப்பது வேறு.

சுவிட்ச்காரர்

தணிக்கையாளரோடு முழுமையாக ஒத்துப்போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்: அந்த ரேடியஸ் சர்வர் எங்கே இருக்கும்? கிளவுடில் வைத்துவிட்டு இணைய இணைப்பு அறுந்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தாக்குப்பிடிப்பார். புதிதாக வருபவர் நுழைய முடியாது. கிடங்கில் சரக்கு ஏற்றும் மென்பொருள் உள்ளூர் சர்வரிலேயே இருந்தும் ஸ்கேனர் வாசலிலேயே நிற்கும். மேகப்பிரியன் சொன்ன "தரவு கிளவுடுக்குப் போவதில்லை" என்பது இங்கே உதவாது.

மேகப்பிரியன்

நியாயமான கேள்வி. ரேடியஸை உள்ளூரில் வையுங்கள், கன்ட்ரோலரைக் கிளவுடில் விடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. இரண்டாவது இணைய இணைப்பு எடுக்காத நிறுவனம் எதை எங்கே வைத்தாலும் அவதிப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலைமானி

வைஃபை 7 பற்றிச் சுருக்கமாக. சான்றளிப்பு 2024 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஐந்தாண்டுக்கு வாங்குகிறவர் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறைக்கு அனுமதி இல்லை, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 வேண்டும். பழைய கருவிகள் அங்கே எட்டிப் பார்க்காது. சுவிட்ச்சையும் கவனியுங்கள். கேபிள் வழியே மின்சாரம் தரும் பழைய 802.3ஏஎஃப் தருவது போர்ட்டுக்கு 15.4 வாட், புதிய ஆக்சஸ் பாயின்ட்டுகள் பல, 30 வாட் தரும் 802.3ஏடி அல்லது அதற்கும் மேலான 802.3பிடி கேட்கும். போதிய மின்சாரம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் ஒரு ரேடியோவை அணைத்துவிட்டு ஓடும் மாதிரிகள் உண்டு. காசு கொடுத்தது மூன்றுக்கு, வேலை செய்வது இரண்டு.

புதுநிர்வாகி

எல்லாருக்கும் நன்றி. டெண்டரை நிறுத்தி வைத்துவிட்டேன். கருவிப் பட்டியலும் சர்வேயும் தனி ஒப்பந்தமாக முதலில் போகின்றன. கிடங்கு சர்வே சரக்கு நிறைந்திருக்கும் வாரத்தில். பெயர்கள் மூன்றாகக் குறைகின்றன: ஊழியர், கருவிகள், விருந்தினர். ரேடியஸ் எங்கள் சர்வர் அறையில். கன்ட்ரோலர் விஷயத்தில் கிளவுட் பக்கமே சாய்கிறேன், மூத்தவருக்கு வருத்தம்தான். லைசன்ஸ் பற்றி என்ன எழுதுவது?

சுவிட்ச்காரர்

இப்படி எழுதுங்கள்: "லைசன்ஸ் காலாவதியானாலும், நிறுவனம் கைமாறினாலும், கருவிகள் அப்போதிருந்த அமைப்புகளோடு தொடர்ந்து இயங்க வேண்டும். புதிய மென்பொருளும் நிர்வாகத் திரையும் மட்டுமே நிற்கலாம்." மாதிரிக் காட்சியின்போது இணைய வயரைக் கையால் பிடுங்குங்கள். ஆக்சஸ் பாயின்ட்டை அணைத்துப் போடுங்கள், புதிய மடிக்கணினி ஒன்றை நுழைத்துப் பாருங்கள். எழுந்து வராத அமைப்புக்கு மதிப்பெண் பூஜ்யம்.

மேகப்பிரியன்

வயரைப் பிடுங்குவதை ஏற்கிறேன். "கைமாறினாலும்" என்ற சொல்லில் எந்த விற்பவரும் கையெழுத்திட மாட்டார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் டெண்டருக்கு ஆளே வர மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஐந்தாண்டு லைசன்ஸையும் முன்கூட்டியே வாங்கி, ஆறாம் ஆண்டின் புதுப்பிப்பு விலைக்கு இப்போதே உச்சவரம்பு கேளுங்கள்.

சுவிட்ச்காரர்

உச்சவரம்பு கொடுத்த நிறுவனமே கைமாறிய பிறகு அதை யாரிடம் காட்டுவது? ஒரு விற்பவராவது கையெழுத்திடுகிறாரா என்று கேட்டுப் பார்க்காமல் அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம், புதுநிர்வாகி.