ஊட்டி பக்கம் பாலாடா உருளைக்கிழங்குக் காட்டுல உறைபனி (குடும்பக் குழு)

மணி, காலை 6:35
[படம்] நீர்போகக் கிழங்கு (தண்ணி பாய்ச்சி வளர்க்குற போகம்). பள்ளத்துப் பக்கம் மூணு பாத்தி வெள்ளையா கிடக்கு. மேட்டுப் பாத்தி தப்பிச்சிருச்சு.

பெரியப்பா
காத்தில்லாத ராத்திரி குளிரெல்லாம் பள்ளத்துலதான் தேங்கும். வெயில் படுறதுக்குள்ள ஸ்பிரிங்ளரை ஓட்டு. வெள்ளை முழுக்கக் கரையுற வரைக்கும் நிறுத்தாதே. பாதியில நிறுத்தினா ஈரம் ஆவியாகுறப்ப இலை இன்னும் குளிர்ந்துடும்.

மணி
ஓட விட்டாச்சு. ஆனா தெர்மாமீட்டர் 3 காட்டுச்சே?

பெரியப்பா
அது நாலடி உயரத்துல தொங்குது. மேகமில்லாத ராத்திரி இலையும் தரையும் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு, பூஜ்யத்துக்கே போயிடும். இனிமே ராத்திரி 4-க்கு இறங்கும்னு தோணினாலே செடியை மூடணும்.

செல்வி அக்கா
மணி, பத்து மணிக்கு மேல பாரு. மேல் இலை வெந்த கீரை மாதிரி துவண்டு கருத்து, அடியில உள்ளது பச்சையா இருந்தா பனிக்கருகல். கருகல் நோய்னா அங்கங்க புள்ளி விழும், ஈரமான காலையில இலைக்கு அடியில வெள்ளைப் பூசணம் தெரியும். பனிக்கருகலுக்கு மருந்தடிச்சா காசுதான் வீண்.

குமார் (ஈரோடு)
வைக்கோல் மூடாக்கு போடலாமே? நாங்க வெயிலுக்கு அதைத்தான் போடுறோம்.

பெரியப்பா
இங்க அது ஆகாது மாப்ள. பகல்ல மண்ணு சூடேறணும், ராத்திரி அந்தச் சூடு செடிக்கு ஏறி வரணும். நடுவுல வைக்கோல் கிடந்தா ரெண்டையும் தடுத்துடும். மணி, பாத்தியில வைக்கோல், சருகு ஏதும் கிடந்தா ஒதுக்கிட்டு மதியம் ரெண்டு மணிக்கு மண்ணு நல்லா நனையத் தண்ணி விடு. காஞ்ச மண்ணைவிட ஈர மண்ணு சூட்டை அதிகம் பிடிச்சு வைக்கும்.

மணி
பிளாஸ்டிக் ஷீட் இருக்கு, மூடிடவா?

செல்வி அக்கா
இலையில ஒட்டுற இடமெல்லாம் கருகும். குச்சி நட்டு, பச்சை நிழல்வலையை ரெண்டா மடிச்சு இலையில படாம கட்டு. அஞ்சு மணிக்கே மூடு, மண்ணுச்சூடு போறதுக்கு முன்னாடி. காலையில பனி கரைஞ்சதும் எடுத்துடு.

அத்தை
புகை போட்டா?

பெரியப்பா
கண்ணெரிச்சல்தான் மிச்சம். இலையும் தரையும் வானத்துக்கு விடுற சூட்டைப் புகை தடுக்காது. காலையில வெயிலையும் மறைச்சு வைக்கும்.

அத்தை
கீழ்த்தோட்டத்துத் தேயிலையும் செவந்து கிடக்கு. கவாத்து பண்ணச் சொல்லட்டுமா?

பெரியப்பா
இப்ப வேண்டாம். வெட்டினா வர்ற இளந்துளிர் அடுத்த பனியில போயிடும். கருகின கொப்பு அப்படியே இருக்கட்டும், அடியில உள்ளதுக்கு அதுவே மூடி. பனி முடிஞ்சு துளிர் எங்க வருதுன்னு பார்த்து வெட்டலாம். யூரியாவும் அதுவரைக்கும் வேண்டாம். சில்வர் ஓக் கிளையைக் கழிக்கக் கூடாதுன்னு ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க. அந்த மரத்தடியில இருக்கிற செடிக்குப் பனி குறைவு.

மணி
கருகின கிழங்குச் செடியைப் பிடுங்கிடவா?

செல்வி அக்கா
பத்து நாள் பொறு. தண்டு அடியில கெட்டியா இருந்தா பக்கத்துளிர் வரும். தண்டே கொழகொழன்னு இருந்தா மட்டும் பிடுங்கு.