ஜப்பான் கைகோ (முதியோர் பராமரிப்பு) வேலை: ஏஜென்ட் சொல்றத நம்பலாமா?

தென்காசி_அண்ணன்:
தங்கச்சி ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) முடிச்சிருக்கா. ஜப்பான்ல முதியோர் இல்லத்துல வேலைன்னு ஒரு ஏஜென்ட் மூணு லட்சம் கேக்குறாரு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் குடுக்கணுமாம், ரெண்டு வருசத்துல புருசனையும் கூட்டிக்கலாம்னு சொல்றாரு. நெசமா?

சைதாமா_அக்கா:
தம்பி, ஒரிஜினல குடுத்துராதீங்க. அது 2019ல ஆரம்பிச்ச எஸ்எஸ்டபிள்யூ விசா, அதாவது குறிப்பிட்ட வேலைத் திறன் உள்ளவங்களுக்கான விசா, பொதுவா மொத்தம் அஞ்சு வருசம், குடும்பத்த கூட்டிட்டு வர முடியாது. மூணு வருசம் வேலை பாத்துட்டு கைகோ ஃபுகுஷிஷிங்கிற பராமரிப்பாளர் தகுதிக்கான அரசு பரீட்சைய ஜப்பானிய மொழியிலயே எழுதி பாஸ் பண்ணினாதான் விசா மாறும், அப்புறம்தான் புருசன் புள்ளைங்க எல்லாம். ஜிஎன்எம் இருந்தாலும் இங்க நர்ஸ் கிடையாது, பராமரிப்பு வேலைதான், குளிப்பாட்டணும், டயப்பர் மாத்தணும், முழுங்க முடியாதவங்களுக்கு டீல கூட தோரோமி பவுடர் கலந்து கெட்டியாக்கி கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும், நைட் ஷிஃப்ட்ல பல எடத்துல ஒரு ஃப்ளோருக்கே ஒரு ஆள்தான். சம்பளம் அதே வேலை பாக்குற ஜப்பான்காரங்க வாங்குறத விட குறையக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஆனா வாடகை, வரி, இன்சூரன்ஸ் போக கைக்கு எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க.

குமரி_செவிலி:
இந்தியாவுல பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம். இமைக்ரேட்ங்கிற இந்திய அரசு சைட்ல அவரு பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க. ஜப்பானிய மொழி என்4 லெவலாவது (அடிப்படை நிலை) வேணும், அதோட பராமரிப்பு பரீட்சையும் பராமரிப்புக்கான ஜப்பானிய மொழி பரீட்சையும் தனியா இருக்கு.

தென்காசி_அண்ணன்:
ரொம்ப நன்றிக்கா. அவ மொதல்ல என்4 கிளாஸ் சேரட்டும், ஏஜென்ட்ட அப்புறம் பாத்துக்கலாம்.