ஒருத்தியை நம்பி நிற்கும் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

2025 மார்ச் 24 இரவு கேலன் சென்டரில் இருந்தேன். யுஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) பெண்கள் அணிக்கும் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) போட்டியின் இரண்டாவது சுற்று. முதல் குவார்ட்டர்கூட முடியவில்லை. ஜூஜூ வாட்கின்ஸ் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தவர் இரண்டு பேருக்கு நடுவில் நிலைதவறி விழுந்தார். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் துடித்ததைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது என்ற செய்தி அன்றிரவே வந்தது.

அந்த சீசனில் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 24 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர், கிளம்பிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். அந்தம்மா அசையவில்லை. அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! கிக்கி இரியாஃபென் ஒருவரே 36 புள்ளி. 96-59 என்று ஜெயித்தார்கள். அடுத்த சுற்றில் கன்சாஸ் ஸ்டேட்டையும் 67-61 என்று தாண்டினார்கள், அதுவும் முதலாம் ஆண்டுப் பெண்களை முன்னால் விட்டு.

யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) வந்தபோதுதான் வாட்கின்ஸ் இல்லாத வலி தெரிந்தது. 78-64 என்று தோற்றார்கள். கோச் போட்டுக்கொடுத்த திட்டம் சரியாக நடக்கும்போது யார் வேண்டுமானாலும் கூடை போடலாம். திட்டம் உடைந்து, ஷூட் பண்ணக் கிடைக்கிற 30 விநாடியில் (ஷாட் கிளாக்) கடைசி ஐந்து மட்டும் மிச்சம் இருக்கும்போது பந்தை யாரிடம் கொடுப்பது? அந்த இடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நட்சத்திரம் என்கிறோமே, அவருடைய உண்மையான மதிப்பு அந்த ஐந்து விநாடியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன பார்த்திருக்கிறீர்கள்?

அயோவா சிட்டியிலிருந்து:

எங்கள் ஊரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. எங்கள் அயோவா பல்கலைக்கழக அணியில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய நான்கு வருஷத்தையும் பக்கத்திலிருந்தே பார்த்தவன் நான். கார்வர்-ஹாக்ஐ அரங்கம் தெரியாதவர்களுக்கு: அது மலைச்சரிவுக்குள் இறக்கிக் கட்டியது. தெருமட்டத்தில் கதவு, உள்ளே போனால் படி படியாகக் கீழே இறங்க வேண்டும். ஆடுகளம் கிணற்றின் அடியில் இருப்பதுபோல இருக்கும். பதினைந்தாயிரம் பேர் கத்துகிற சத்தம் வெளியேறவே செய்யாது, உள்ளேயே சுற்றும்.

எல்லோரும் சாதனைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதலில் 2022 மார்ச்சைச் சொல்கிறேன். கிரைட்டன் அணியுடன் இரண்டாவது சுற்று, சொந்த அரங்கில். அந்த வருஷம் கிளார்க் ஆட்டத்துக்கு 27 புள்ளி சராசரி வைத்திருந்தார். அன்றைக்கு 15தான் வந்தது. 64-62 என்று தோற்றோம். கடைசி விநாடிகளில் கிரைட்டனுக்கு முன்னிலை கொடுத்த த்ரீயை (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டவர் லாரன் ஜென்சன். முந்தின வருஷம் அயோவாவில் ஆடிவிட்டு மாறிப் போனவர். ஒரு ராத்திரி கிளார்க்கின் கை ஓய்ந்தால் எங்களிடம் வேறு வழி இல்லை என்பது அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் வெட்டவெளிச்சமானது.

இதை வைத்துக்கொண்டு, கிளார்க் மற்றவர்களை வளரவிடவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. 2024 பிப்ரவரி 8 அன்று பென் ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டத்தில் எங்கள் ஹன்னா ஸ்டுவெல்கி 47 புள்ளி எடுத்தார். நான் பார்த்தது இதுதான்: கிளார்க் நடுக்கோட்டைத் தாண்டினதும் எதிரணியில் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர், அவரை நோக்கி நகர்வார்கள். அந்த நொடியில் ஸ்டுவெல்கி கூடையை நோக்கி ஓட ஆரம்பித்திருப்பார். பந்து அவர் கைக்கு வரும்போது முன்னால் தடுக்க ஆளே இருக்காது. கிளார்க்குக்கு அன்று 15 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்). முப்பது அடியிலிருந்து போடுகிறவர் ஒருவர் இருந்தால் டிஃபென்ஸ் முழுவதும் கூடையை விட்டு வெளியே இழுபட்டு வரும். அந்தக் காலி இடத்தில் மற்ற நான்கு பேரும் வாழ்ந்தார்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து மிஷிகன் ஆட்டம். பெண்களில் அதுவரை சாதனையாக இருந்த கெல்சி பிளம்மின் 3,527 புள்ளிகளைத் தாண்ட எட்டு புள்ளி தேவை. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், நடுக்கள லோகோ பக்கத்திலிருந்து ஒரு த்ரீயைப் போட்டு முடித்துவிட்டார். மொத்தம் 49. கல்லூரிக் காலத்தை 3,951 புள்ளியோடு முடித்தார். ஆண்கள், பெண்கள் இருவரையும் சேர்த்து என்சிஏஏ முதல் பிரிவில் அதற்கு மேல் யாரும் இல்லை.

அப்புறம் அந்த வருஷ என்சிஏஏ அரையிறுதியும் இறுதியும் நடந்த கிளீவ்லாந்து. அரையிறுதியில் யுகானின் நிக்கா மூல் கிளார்க்கை நிழலாகத் தொடர்ந்தார். முதல் பாதியில் கிளார்க்குக்கு 6 புள்ளிதான். அன்று 23 புள்ளி போட்டு எங்களைக் கரை சேர்த்தவர் அதே ஸ்டுவெல்கி. 71-69. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நிலைமையில் தோற்றிருப்போம். அணி வளர்ந்திருந்தது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இறுதிப் போட்டி சவுத் கரோலினாவுடன். முதல் குவார்ட்டரிலேயே கிளார்க் 18 புள்ளி எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மீதி மூன்று குவார்ட்டரிலும் சேர்த்து 12. அவர்களுடைய ரேவன் ஜான்சன் கிளார்க்கை விடவே இல்லை, கமில்லா கார்டோசோ 17 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், 87-75 என்று தோற்றோம். இதில் ஒரு எண்ணை நான் மறக்கவே மாட்டேன். பெஞ்சிலிருந்து மாற்றாக வந்தவர்கள் எடுத்த புள்ளி: அவர்களுக்கு 37, எங்களுக்குப் பூஜ்யம். அவர்கள் கோச் டான் ஸ்டேலி களைத்தவரை உட்காரவைத்து, அதே தரத்தில் இன்னொருவரை அனுப்பிக்கொண்டே இருந்தார். டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளி எடுத்தார். எங்கள் பெண்கள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றதை மேல் வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது.

அதனால் ஒருத்தியை நம்பியதே தப்பு என்பீர்களா? அவர் இல்லாவிட்டால் நாங்கள் கிளீவ்லாந்துக்கே போயிருக்க மாட்டோம். 2023 அக்டோபரில் கின்னிக் கால்பந்து மைதானத்தில் 55,646 பேர் பெண்கள் கூடைப்பந்து பார்க்க வந்தோம், அதுவும் ஒரு காட்சிப் போட்டிக்கு. கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள் எல்லோரையும் பார்த்தேன். இப்படி ஒருவர் கிடைத்தால் எந்தக் கோச்சும் அவரைச் சுற்றித்தான் அணியைக் கட்டுவார், கட்டவும் வேண்டும். எனக்கு இருக்கும் வருத்தம் ஒன்றுதான். பெஞ்சுக்கு நவம்பர், டிசம்பரிலேயே இன்னும் அதிக நிமிடங்கள் கொடுத்துப் பழக்கியிருக்கலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் நண்பருக்கு ஒரு செய்தி. 2025 பிப்ரவரி 2 அன்று கிளார்க்கின் 22ஆம் எண்ணுக்கு (இனி யாரும் அணியாதபடி) ஓய்வு கொடுத்தபோது எதிரில் ஆடியது உங்கள் யுஎஸ்சிதான். வாட்கின்ஸ் 27 எடுத்தார். எங்கள் லூசி ஓல்சன் 28. வில்லனோவாவிலிருந்து மாறி வந்தவர் அவர். 76-69 என்று நாங்கள் ஜெயித்தோம். கிளார்க் போனால் இந்த ஊரில் யார் கூடைப்பந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் அன்றைக்கு அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும்.

ஒஹாயோவிலிருந்து:

நீங்கள் இருவரும் பெரிய அரங்கங்களைச் சொன்னீர்கள். என் மகள் ஆடுவது என்சிஏஏ மூன்றாம் பிரிவில், ஒரு சின்னக் கல்லூரியில். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆசைக்காக ஆடுகிறவர்கள். அவர்கள் அணியிலும் ஒரு நட்சத்திரம் இருந்தாள்.

எதிரணிகள் எல்லாம் ஒரே தந்திரத்தோடு வருவார்கள். நான்கு பேர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நிற்பார்கள், ஐந்தாவது ஆள் அந்தப் பெண் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே போவாள். பாக்ஸ் அண்ட் ஒன் என்பார்கள். இதில் என் மகளை யாருமே கவனிக்க மாட்டார்கள். மூலையில், த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே, கையை ஏந்திக்கொண்டு தனியாக நிற்பாள். 'அவளை விடு, அவள் போட மாட்டாள்' என்று எதிரணி கோச் எங்கள் காதுபடவே கத்துவார். பெற்றவளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

கடைசியில் பந்து அவளிடம் வரும். அரைநொடி தயங்குவாள். கண் தானாகவே அந்தப் பெண்ணைத் தேடும். அதற்குள் ஆள் வந்து மறைத்துவிடும். இதை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்தேன். அவளுக்குக் குறி தெரியாமல் இல்லை. பயிற்சியில் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதே மூலையிலிருந்து வரிசையாக விழும்.

அந்த நட்சத்திரப் பெண் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு சோபாவில் காலை நீட்டி உட்காருவாள். பெரும்பாலான ஆட்டங்களில் 40 நிமிடமும் அவள்தான். ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன், பாஸ் கொடுக்கத் தோன்றாதா என்று. என்னை இரண்டு பேர் மறைக்கும்போது யார் காலியாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், வாங்கினவள் ஷூட் பண்ணுவாளா என்பதுதான் தெரியாது என்றாள். என் மகள் பக்கத்திலேயே இருந்தாள். ரெண்டு பேருக்கும் அது புதிய பேச்சு இல்லை போல, தட்டை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அவர்கள் கோச் நல்ல மனிதர். அந்த சீசன் நடுவில் ஒரு விதி போட்டார்: பயிற்சி ஆட்டத்தின் கடைசி பத்து நிமிடம் அந்தப் பெண் வெளியே நின்று ஸ்கோர் எழுத வேண்டும். எதிரில் கல்லூரிப் பையன்களை ஆடவிடுவார். முதல் வாரம் பார்க்கவே பாவமாக இருந்தது, பந்தைச் சூடான பாத்திரம் மாதிரி கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் பழகினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

அக்கா, அந்தப் பெண் படிப்பை முடித்துப் போனபிறகு அணி என்ன ஆயிற்று?

ஒஹாயோவிலிருந்து:

ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம் தம்பி, அதை மறைக்க ஒன்றுமில்லை. பந்தை முன்னால் கொண்டுபோக நல்ல கார்ட் இல்லை, அழுத்திப் பிடித்தால் பறிகொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இப்போது என் மகளை மூலையில் காலியாக விடுகிற அணி எதுவும் இல்லை. மிஸ் ஆனாலும் அடுத்த பந்தையும் தயங்காமல் போடுகிறாள். கோச் அடுத்த வருஷத்துக்கு இரண்டு கார்ட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி போதாதா என்று மகளிடம் கேட்டேன், ரெண்டு பேர் வேண்டும் என்று அணியே உட்கார்ந்து பேசிக் கேட்டிருக்கிறார்களாம்.